ஒற்றை எழுத்துக்கு 169 டாலர்

கேமரா நிபுணர் யாராவது வழிதவறி இங்கே வந்திருந்தால் முதலிலேயே ஒரு மன்னிப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட், அப்புறம் இரண்டும் சேராதபோது திருதிருவென முழிப்பது. அவ்வளவுதான். பி.காம். மூன்றாம் ஆண்டு. சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பில்களை டேலியில் ஏற்றும் வேலை. அதில் ஒன்றரை வருஷமாகச் சேர்த்த 27,000 ரூபாய்தான் இந்தக் கதையின் கதாநாயகன்.

எல்லாம் கொடைக்கானல் டூரில் ஆரம்பித்த வினை. வகுப்பில் ஒருத்தி அவள் அம்மாவின் பழைய டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் எல்லோர் கையிலும் 50 மெகாபிக்சல் போன். ஆனாலும் ஊருக்குத் திரும்பியதும் நாற்பது பேரும் ஸ்டேட்டஸ் வைத்தது அவள் எடுத்த படங்களைத்தான். முகம் பளிச்சென்று, பின்னால் கும்மிருட்டு, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். எங்கள் அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தில் இருக்கும் அதே களை.

காரணம் தேடிப் படித்தேன். போனில் இருப்பது எல்.இ.டி. விளக்கு, டார்ச் மாதிரி நின்று எரியும். இந்தச் சின்ன கேமராக்களில் இருப்பது செனான் ஃபிளாஷ். உள்ளே ஒரு கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான பொழுதில் மொத்தத்தையும் கொட்டிவிடும். அந்த வெட்டு வெளிச்சத்தில் ஆடுகிறவன் கைகூட அந்தரத்தில் உறைந்து நிற்கும். போனோ ஒரே நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் கலந்து, இருட்டையும் பகலாக்கிக் காட்டும். நல்ல வேலைதான். ஆனால் ராத்திரி ராத்திரியாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். (எங்க அக்கா இதை வேறு மாதிரி சொல்வாள்: 'வேற வேலை இல்லாத ஆள்'.)

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. ஜப்பானின் கேமராத் தயாரிப்பாளர் சங்கம் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அதில் பத்து கோடிக்கு மேல் பாக்கெட்டில் போடும் சின்ன கேமராக்கள். 2023-ல் அந்தச் சின்ன கேமராக்களின் எண்ணிக்கை சுமார் 17 லட்சம். போன் வந்து மொத்தக் கடையையும் காலி செய்துவிட்டது. ஆனால் 2024-ல் அது மறுபடி கொஞ்சம் ஏறியது. வாங்கியதில் பெரும்பகுதி எங்கள் வயசுக்காரர்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2025-ல் கேனான் 'பவர்ஷாட் எல்ஃப் 360 எச்.எஸ். ஏ' என்று ஒன்றை அறிவித்தது. அமெரிக்காவில் விலை 379 டாலர். அத்தை மகன் அங்கேதான் வேலை பார்க்கிறார், 2026 பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக இருந்தார். தை மாசம் அக்காவுக்கு வளைகாப்பு. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. வரி எல்லாம் சேர்த்து 34,000-ஐத் தாண்டும். என் 27,000 போக மீதியை அக்காவிடமே கடன் வாங்கி, அக்கா வளைகாப்பையே படம் எடுத்துக் கொடுத்து, கடனைக் கழித்துவிடலாம் என்று திட்டம். (மூன்று வருஷ பி.காம். வீண் போகவில்லை பாருங்கள்.) அத்தானுக்குத் தகவலும் அனுப்பியாயிற்று.

அனுப்பிய பிறகுதான் இந்த 'ஏ' என்றால் என்ன என்று பார்க்கத் தோன்றியது. 'ஏ' இல்லாத 'எல்ஃப் 360 எச்.எஸ்.' 2016 ஜனவரியில் வந்தது. அப்போது விலை 210 டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்தேன். 20.2 மெகாபிக்சல், இரண்டிலும். 12 மடங்கு ஜூம், அதாவது 25-லிருந்து 300 மில்லிமீட்டர், இரண்டிலும். லென்ஸ் அதே, மூன்று அங்குலத் திரை அதே, சென்சார் அதே சுண்டுவிரல் நக அளவு. உள்ளே இருக்கும் 'டிஜிக் 4 பிளஸ்' என்ற சில்லுகூட அதே. அது 2016-லேயே பழைய சரக்கு. அதே வருஷம் வந்த ஜி7 எக்ஸ் மார்க் 2-ல் டிஜிக் 7 வந்துவிட்டது.

அப்படியானால் என்னதான் மாறியது? குறைந்ததுதான் மாறியது. பழையதில் வைஃபை வழியாகப் படத்தை நேரே கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம், பிரிண்டருக்கும் அனுப்பலாம். புதியதில் அது இல்லை, போனுக்கு மட்டும்தான் போகும். பழையதில் ஊதா நிறம் இருந்தது, புதியதில் கறுப்பும் வெள்ளியும் மட்டும். பழையதில் பெரிய எஸ்.டி. கார்டு, புதியதில் நகத்தளவு மைக்ரோ எஸ்.டி. கார்டு. இந்தக் கடைசி வித்தியாசத்தை அன்றைக்கு நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

குறைப்பது எப்போதும் தப்பு என்று சொல்ல வரவில்லை. இதே கேனான் 2008-ல் வந்த ஜி10-ல் 14.7 மெகாபிக்சல் வைத்தது. 2009-ல் ஜி11 வந்தபோது அதை 10 ஆக்கியது. மெகாபிக்சல் எண்ணை வைத்தே கேமரா விற்ற காலத்தில் அது பெரிய துணிச்சல். அதே அளவு சென்சாரில் குறைவான புள்ளிகள் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் அதிகம், இருட்டில் எடுக்கும் படத்தில் மணல் தூவினாற்போல வரும் இரைச்சல் குறையும். அங்கே குறைத்ததில் வாங்கியவனுக்கு ஒரு லாபம் இருந்தது. இங்கே எனக்கு என்ன லாபம் என்று தேடித்தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

விலைக்கு வருவோம், அது என் ஏரியா. 2016-ன் 210 டாலரை அமெரிக்க விலைவாசி உயர்வோடு ஏற்றினால் 2025-ல் 280, 290 டாலர் வரும். இறக்குமதி வரியும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். அதற்கு மேல் இருக்கிற டாலர்கள் எதற்கு? எங்களுக்குத்தான். கொடைக்கானல் படங்களைப் பார்த்து வாய்பிளந்த நாற்பது பேருக்கு. இன்னொரு பக்கம், ஆபீசில் போடுகிற மாதிரி வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழித்துப் பார்த்தால் 210 டாலர் பொருள் ஒன்பது வருஷத்தில் 49 டாலருக்கு வந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் 49, கடையில் 379. ஒரு பொருளின் விலைக்கும் அதைச் செய்த செலவுக்கும் சம்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

அப்படியே படித்துக்கொண்டு வரும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. அந்தப் பழைய எல்ஃப் 360-க்கு வேறு நாடுகளில் பெயர் 'ஐக்ஸஸ் 285 எச்.எஸ்.'

ஐக்ஸஸ் 285. இந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே?

அம்மாவை எழுப்பினேன். (திட்டு வாங்கினேன், அதை விடுங்கள்.) "சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்ததா? பீரோல ஆச்சி பட்டுச்சேலைக்கு அடியில கெடக்கும், பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கேதான் கிடந்தது, சேலையில் வைத்த பாச்சை உருண்டை வாசனையோடு. வெள்ளி நிறம். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, 150 கிராம்கூட இருக்காது. 34,000 கொடுத்து அமெரிக்காவிலிருந்து வரவழைக்க இருந்த சாமான், நான் தினமும் சட்டை எடுக்கும் பீரோவில் ஆறு வருஷமாகப் படுத்திருக்கிறது!

சித்தப்பா 2017-ல் சிங்கப்பூர் வேலையை விட்டு வரும்போது வாங்கி வந்தது. அப்போது எல்லோரும் திருநெல்வேலியில் ஒரே வீடு. 2020-ல் பாகப்பிரிவினை. அதில் நடந்த பேச்சுகளை இங்கே எழுதப் போவதில்லை. சித்தப்பா ஸ்ரீவைகுண்டம் போய்விட்டார், கேமராவை எடுத்துப்போக மறந்துவிட்டார். அல்லது, கேட்டு வாங்க மனசில்லாமல் விட்டுவிட்டார். அதற்கப்புறம் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அப்போதுகூட அப்பா ஒரு அரிசி மூட்டையும் போர்வைகளும் வாங்கி என்னிடம்தான் கொடுத்துவிட்டார், தான் போகவில்லை.

ஆறு வருஷம் சார்ஜ் போடாமல் வைத்திருந்தால் எந்த பேட்டரிதான் உயிரோடு இருக்கும்? புதிதாக ஒன்று 700 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். உயிர் வந்தது. முதலில் தேதி கேட்டது, பாவம், அதற்கு எந்த வருஷம் என்றே தெரியவில்லை. தேதியைப் போட்டுவிட்டுப் படமெடுக்கப் பட்டனை அழுத்தினால் 'கார்டு பூட்டப்பட்டிருக்கிறது' என்கிற மாதிரி ஒரு செய்தி.

கார்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டி விசை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்டில் புதிதாக எதுவும் எழுத முடியாது, இருப்பதை அழிக்கவும் முடியாது. சித்தப்பா அதைத் தள்ளிவைத்திருக்கிறார். மைக்ரோ எஸ்.டி. கார்டில் இந்த விசையே கிடையாது. அந்தப் பொடிசில் அதை வைக்க இடம் ஏது? பொருட்டாக நினைக்காத அந்த வித்தியாசம் இப்போது என் விரல் நுனியில் உட்கார்ந்திருந்தது.

பூட்டியதற்குக் காரணம் படங்களைப் பார்த்ததும் தெரிந்தது. கடைசியில் இருந்தவை 2019 நவம்பர், சித்தப்பா மகளின் முதல் பிறந்தநாள். பழைய வீட்டு முற்றத்தில் பலூன், கேக்கில் கைவைத்த குழந்தை, எங்க ஆச்சி மடியில் அது தூங்குகிற படம். அதற்கு முன்னால் 2018 ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் தேரின் உச்சிக் கலசத்தை 300 மில்லிமீட்டரில் இழுத்து எடுத்திருக்கிறார். என் 50 மெகாபிக்சல் போனில் அது வெறும் மஞ்சள் புள்ளியாகத்தான் வரும். ஜூமுக்காக லென்ஸ் நிஜமாகவே வெளியே நீள்வதற்கும், எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அந்தப் பிறந்தநாள் படங்களுக்கு ஆல்பம் போட்டுத்தான் இருந்தார்கள். ஆல்பமும் லேப்டாப்பும் வெள்ளத்தோடு போயிற்று. சித்தி அன்றைக்கு ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னது ஞாபகம் வந்தது. 'பாத்திரம் போனா வாங்கிக்கிடலாம்டா' என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

காலையில் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னலே, இவ்வளவு காலைல? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"கார்டை மட்டும் கொண்டாலே. அந்த லாக்கைத் தொட்டுராத."

"கேமரா, சித்தப்பா?"

"அது என்னத்துக்கு எனக்கு? நீயே வச்சிக்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ்சுக்குக் கிளம்பும்போது அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஸ்ரீவைகுண்டம் போறியாமே. அல்வா வாங்கிட்டுப் போ. பிள்ளைக்குப் பிடிக்கும்" என்றார். நான் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் கேட்டார். "அந்தத் தேர் போட்டோல நானும் அவனும் வடம் பிடிச்ச மாதிரி ஒண்ணு உண்டு. இருக்கா?" இருந்தது. இரண்டு பேரும் சட்டையில்லாமல் வியர்த்து வழிந்துகொண்டு சிரிக்கிறார்கள். காட்டினேன். பார்த்தார். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அத்தானுக்கு 'வேண்டாம்' என்று அனுப்பிவிட்டேன். புதுசாக ஒரு எஸ்.டி. கார்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். புதிய மாடலைக் கையில் பிடித்துப் பார்க்காமல் குறை சொல்வது நியாயமா என்று கேட்டால், வீட்டில் பழைய கேமரா எதுவுமே இல்லாதவர்களுக்கு அது ஒரு நல்ல வழிதான். செகண்ட் ஹேண்டில் எவனோ பாடாய்ப் படுத்தியதை வாங்குவதைவிட, வாரண்டியோடு புதுசு வாங்குவதற்கு ஒரு மதிப்பு உண்டு. அது 169 டாலர் பெறுமா என்பதில்தான் என் சந்தேகம். வாங்கும் முன் வீட்டு பீரோக்களையும் அத்தை வீட்டுப் பரணையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள் என்பேன்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ஒரு சார்ஜில் சுமார் 180 படம் என்று போட்டிருந்தது, என் பேட்டரி 150 சொச்சத்திலேயே பல்லைக் காட்டியது (கம்பெனி பேட்டரி இல்லை, புகார் சொல்ல வாயில்லை). அக்கா கை நிறைய வளையல், ஃபிளாஷில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. கடன் வாங்காததால் கழிக்க ஒன்றுமில்லை, படமெல்லாம் இலவசம் :)

சித்தி குழந்தையோடு பஸ்ஸில் காலையிலேயே வந்துவிட்டார். சித்தப்பா வரவில்லை. சாயங்காலம் அவர்களைக் கூட்டிப்போக பைக்கில் வந்தவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். அப்பா வாசல் வரை போனார், திண்ணையில் உட்கார்ந்தார். நான் மொட்டை மாடியிலிருந்து ஜூமை முழுக்க இழுத்து, தெருமுனையில் நின்ற சித்தப்பாவை ஒன்று எடுத்தேன். ஆடிப்போய்விட்டது. முழு ஜூமில் லென்ஸின் திறப்பு எஃப் 7 வரை சுருங்கிவிடும், விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. புதியதிலும் அதே லென்ஸ்தான்.

அத்தானுக்கு ஏன் வேண்டாம் என்று இன்னும் விளக்கமாகச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.