மதுரையைவிடப் பக்கம்!

சென்னையிலிருந்து மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா?

"இது என்ன கேள்வி! மதுரை நம் ஊர். யாழ்ப்பாணம் கடல் கடந்த சீமையல்லவா?" என்பீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருந்தால் தேசப்படத்தையும் அடிக்கோலையும் சற்று இரவல் வாங்குங்கள். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ சுமார் 355 தான்! மதுரைக்குக் கோல் தென்மேற்கே சாய்கிறது; பலாலிக்கு நேர் தெற்கே இறங்கிவிடுகிறது.

இந்த வழியில் பறப்பது எழுபது பேர் அமரக்கூடிய, விசிறி சுழலும் சிறிய விமானம். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகம். "அப்படியானால் முக்கால் மணியில் போய்விடலாமே!" என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். தரையில் ஊர்ந்து, மேலே ஏறி, மெல்ல இறங்கி நிற்கும் நேரமும் சேர்ந்து ஒன்றேகால் மணியாவது ஆகிவிடும். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் சிரமம் மட்டும் இல்லை. இரண்டு ஊரிலும் ஒரே மணிதான்.

இது புது வழி என்றா நினைக்கிறீர்கள்? 1947 டிசம்பர் 10-ந் தேதி 'ஏர் சிலோன்' தன் முதல் விமானத்தைக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் விட்டது. அந்த விமானத்தின் பெயர் 'சீதாதேவி'. இலங்கையிலிருந்து புறப்பட்டவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்!

பிறகு 1983-ல் போர் மூண்டது. வழி அடைபட்டது. சென்னையில் தாயும் யாழ்ப்பாணத்தில் மகளுமாகப் பிரிந்து போன குடும்பங்கள் எத்தனை! பேரக் குழந்தையின் முகம் பார்க்க வேண்டுமானால் 650 கிலோமீட்டர் பறந்து கொழும்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஏழெட்டு மணி நேரம் வடக்கே தரைவழியாகத் திரும்பி வர வேண்டும். எதிர் வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிய கதைதான். போர் 2009-ல் ஓய்ந்த பிறகும் பத்து வருஷம் இந்தச் சுற்று தீரவில்லை.

2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னை விமானம் ஒழுங்காக வரத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கொரோனா வந்து மறுபடியும் கதவைச் சாத்தியது. 2022 டிசம்பரில்தான் அது திரும்பத் திறந்தது.

இத்தனை ஆண்டுகளில் அடிக்கோலின் கணக்கு ஒரு அங்குலமாவது மாறியதா? இல்லை. கதவு சாத்தியிருந்தபோது 355 கிலோமீட்டர் என்பது ஒரு நாள் பிரயாணம். திறந்தால் ஒன்றேகால் மணி. தூரத்தைக் கோலால் அளக்கலாம். உறவின் தூரத்தை மட்டும் கதவுதான் நிர்ணயிக்கிறது.

மகளைப் பார்க்கப் புறப்படும் அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையைவிடப் பக்கம் என்ற நினைப்பில், முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்!