சைலன்சருக்குள்ள ஒரு தேன்கூடு

டிஸ்கி: கார் பைத்தியங்களுக்கான பதிவு இது. மத்தவங்களும் படிக்கலாம். நடுவுல கொஞ்சம் +2 கெமிஸ்ட்ரி வரும், பயப்படாதீங்க :)

எங்க அத்தை பையன் ஒரு செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கான். 2015 மாடல். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை, ஏழு கியர் டிஎஸ்ஜி. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா போர்ஷே வச்சிருக்கறவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். திருவண்ணாமலை தேரடித் தெருவுல ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவுல நிக்கும்போது எங்களுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். செங்கம் தாண்டி ஊத்தங்கரை ரோட்ல ஒரு மிதி மிதிச்சா சீட்டு முதுகைப் பிடிச்சு தள்ளும் பாருங்க, அந்த சுகமே தனி.

பயலுக்கு அது பத்தலை. "மச்சான், கேட்டை எடுத்துட்டு டீகேட் டவுன்பைப் போட்டுடலாம்னு இருக்கேன். பெங்களூருல ஒரு கடையில பேசிட்டேன். நீயும் கூட வா, நீதானே மெக்கானிக்கல் படிச்சவன்" அப்படின்னான். மெக்கானிக்கல் படிச்சிட்டு ஆறு வருஷமா ஜாவா எழுதறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?

கேட்னா கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். தமிழ்ல வினையூக்கி மாற்றி. கழட்டிப் பார்த்தா உள்ள தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். ஒரு சதுர அங்குலத்துல நானூறு ஓட்டை இருக்கறது சர்வ சாதாரணம். அந்த ஓட்டைச் சுவர் பூரா பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு மெல்லிசா பூசியிருப்பாங்க. எஞ்சின்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணும் இதுக்குள்ள போய் கார்பன் டை ஆக்சைடு, தண்ணி, நைட்ரஜனா வெளிய வரும். நல்லா சூடாகிட்டா தொண்ணூறு சதவீதத்துக்கு மேல மாத்திடும். 250, 300 டிகிரி சூடு ஏறற வரைக்கும் மட்டும் சும்மா உக்காந்திருக்கும், திங்கட்கிழமை காலையில நம்ம ஆபீஸ் மாதிரி.

நம்ம நாட்டுல இது 1995 ஏப்ரல்ல நாலு பெருநகரங்கள்ல விக்கற புது பெட்ரோல் கார்களுக்குத்தான் முதல்ல வந்துச்சு. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டா அந்தப் பூச்சு மேல ஈயம் படிஞ்சு வேலை செய்யாது. அதனால ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தாகணும். நாடு முழுக்க அது வந்து சேர 2000 பிப்ரவரி ஆச்சு. அதாவது இந்தத் தேன்கூட்டுக்காகவே பெட்ரோலை மாத்தியிருக்காங்க. நம்மாளு அதை ஒரே மதியத்துல கழட்டிடலாம்ங்கறான்.

அவன் சொல்றதுல விஷயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். டர்போவுக்குப் பின்னாடி அடைப்பு குறைஞ்சா டர்பைன் சீக்கிரம் சுத்தும், பவர் கொஞ்சம் முன்னாடியே வரும். இயற்பியல் பொய் சொல்லாது. ஆனா இந்த எஞ்சின்ல ஈசியா கிடைக்கற பெரிய லாபம் ரீமேப்லதான், அதுக்கு கேட்டைத் தொடவே வேணாம். வெறும் பைப்பை மட்டும் மாத்தினா கூடறது பெரும்பாலும் சத்தம்தான். அவனுக்கு வேண்டியதும் அதுதான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்த கூத்து சென்சார். கேட்டுக்குப் பின்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார் உக்காந்து கேட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு வேவு பார்க்கும். கேட்டை எடுத்தா பி0420ன்னு ஒரு கோடு வந்து எஞ்சின் லைட் எரியும். கடைக்காரர் கூலா சொன்னாராம், "சாஃப்ட்வேர்ல அந்த செக்கை ஆஃப் பண்ணிடுவோம்". டெஸ்ட் ஃபெயில் ஆகுதா, டெஸ்டையே கமென்ட் அவுட் பண்ணு! எங்க ஆபீஸ்ல இதைச் செஞ்சா ரிவ்யூல கிழிச்சுடுவாங்க. 2015ல இதே ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள்ல சோதனை நேரத்துல மட்டும் புகையைக் குறைக்கற சாஃப்ட்வேரை வச்சு அமெரிக்காவுல மாட்டுச்சே, அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். "அவங்க கம்பெனி மச்சான், நான் ஒரே ஒரு கார்" அப்படிங்கறான்.

சட்டத்தையும் எடுத்துப் போட்டேன். 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதியில்லாம வண்டியை மாத்தினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். புகை, சத்தம் விதியை மீறினா முதல் தடவையே 10,000 வரைக்கும். பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் தாண்டக்கூடாது. கேட் இல்லாம அதைப் பாஸ் பண்றது கஷ்டம். "யாருப்பா இதெல்லாம் பார்க்கறாங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான்.

நான் கடுப்பானது வேற இடத்துல. அத்தை வீடு கிரிவலப் பாதை ஓரத்துல இருக்கு. வாசல்ல கட்டில் போட்டு சுக்கு காபி விக்கறாங்க. அவங்களுக்கு வீசிங். பனிக்காலத்துல இன்ஹேலர் இல்லாம ராத்திரி தாண்டாது. இவன் காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் வார்ம் அப்னு உறும விடறது அந்த வாசல்ல, கட்டிலுக்கு நாலடி தள்ளி. 14 கிலோமீட்டர் பாதை முழுக்க சாதுக்கள் உக்காந்திருக்காங்க. தரையில உக்காந்திருக்கறவங்க மூக்கும் காரோட சைலன்சரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். பௌர்ணமிக்கு வண்டியை விட மாட்டாங்க, சரி, மத்த நாள்? கேட் இருந்தாலும் குளிர்ந்த எஞ்சின் அந்த முதல் ஒரு நிமிஷம் புகையத்தான் செய்யும், அது நிஜம். கேட் இல்லேன்னா அந்த முதல் நிமிஷம் முடியவே முடியாது.

இதை அப்படியே சொன்னேன். "எங்க அம்மாவைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"ன்னு ஃபோனை வச்சுட்டான். அப்புறம் பதினேழு நாள் பேச்சே இல்லை. நடுவுல அத்தை கூப்பிட்டு, "என்னடா, ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணுமில்ல அத்தை, கார் சமாச்சாரம்"னு மழுப்பினேன். அவங்க இருமிக்கிட்டே சிரிச்சாங்க.

பதினெட்டாம் நாள் அவனே கூப்பிட்டான். மன்னிப்பு, சமாதானம் எதுவும் கிடையாது, நேரா மேட்டர்தான். "மச்சான், அந்தக் கடைக்காரன் பழைய கேட்டை அவனே எடுத்துக்கறேன்னான். அதுக்கு ஐநூறு ரூபாய் குறைச்சுக்கறானாம்." எனக்குச் சிரிப்பு தாங்கலை. அதுக்குள்ள இருக்கற ரோடியம் 2021ல ஒரு அவுன்ஸ் 29,000 டாலர் பக்கம் போனது. அமெரிக்காவுல ராத்திரியோட ராத்திரியா காருக்கு அடியில படுத்து கேட்டை அறுத்துட்டுப் போற திருட்டு அந்த வருஷங்கள்ல தலைவிரிச்சு ஆடுச்சு. இப்ப விலை அவ்வளவு இல்லேன்னாலும் ஐநூறு ரூபாய்ங்கறது அநியாயம்னு சொன்னேன். அம்மா மூச்சைப் பத்திச் சொன்னப்ப வந்த கோபத்தை விட இதுக்கு வந்த கோபம் பெருசு, "திருட்டுப் பய!"ன்னு கத்தினான்.

கேட் இப்போதைக்கு வண்டியிலயே இருக்கு. அந்தக் காசுல நாலு புது டயரும் முன்பக்க பிரேக் பேடும் போட்டுட்டான். வண்டியை வாசல்ல ஸ்டார்ட் பண்றதில்லை, மெயின் ரோடு வரைக்கும் மாமாவும் அவனும் தள்ளிட்டுப் போறாங்க. சத்தம் பத்தலைங்கற புலம்பல் மட்டும் இன்னும் நிக்கலை.