காதும் நுரையீரலும்

சப்தத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் அநேகமாக அமைதியைப் பற்றியே எழுதிவிட்டு எழுந்திருக்கிறார்கள். இழந்த கிராமம், அதிகாலைக் குயில் இத்யாதி. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், பத்தடிச் சந்து ஒன்றில். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். உள்ளே நுழையும் எந்தச் சப்தமும் எதிரெதிர்ச் சுவர்களில் மோதி மோதித்தான் அடங்கும். மாரடைப்பு வந்து பிழைத்த என் அம்மா தெருவை ஒட்டிய அறையில் படுக்கிறாள். மாத்திரைகளோடு நல்ல தூக்கமும் வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே ஸ்கூட்டரும் மொபெட்டும் எனக்கு அழகியல் பிரச்னை அல்ல.

2000ல் வந்த விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. இது சராசரிக் கணக்கு. சராசரி இரவு முழுவதையும் ஒன்றாகப் பரப்பிவிடும்; அம்மா விழித்துக்கொண்டது எந்த விநாடியில் என்று சொல்லாது. வண்டிகளுக்கு வேறு கணக்கு. 2005லிருந்து, புது இருசக்கர வண்டி சோதனையில் எழுப்பலாம் என்று அனுமதித்தது, எஞ்சினின் அளவைப் பொறுத்து, 75 முதல் 80 டெசிபல். இதை ஏழரை மீட்டர் தள்ளி வைத்த கருவியால் அளக்கிறார்கள். என் சந்தில் ஏழரை மீட்டர் கிடையாது.

ஆனால் பிரச்னை டெசிபலோடு முடிவதில்லை. விடியற்காலை நாலரைக்குப் பால்காரர் வருகிறார். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட், சைலன்ஸரில் ஓட்டை. அம்மா புரண்டுகூடப் படுப்பதில்லை. இரவு பதினொன்றரைக்கு, சைலன்ஸரை வேண்டுமென்றே மாற்றிப் பொருத்திய மோட்டார் சைக்கிள் ஒன்று சந்துக்குள் வருகிறது. எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். முதல் சப்தம் ஒரு ஜீவனத்தின் உபவிளைவு. இரண்டாவதில் சப்தமே நோக்கம். காது அர்த்தத்தைக் கேட்கிறது. வங்கியில் மொபெட் கடன் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வருவதால், பாலும் மீனும் கீரையும் அந்த ஐம்பது ஸி.ஸி.யை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். 1980ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 நம் சிறு வியாபாரத்தின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். அதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவது மொட்டைமாடியில் ஏ.ஸி. வைத்திருப்பவனின் விமர்சனம்.

இந்த அனுதாபத்தைப் புகைக்கு நீட்ட முடியாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிறது; நீலப்புகை அதனால்தான். எரிந்த வாயு வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வருவதால், அதில் ஒரு பங்கு எரியாமலே தெருவுக்கு வந்துவிடுகிறது. நுரையீரல் அர்த்தம் பார்ப்பதில்லை. பால்காரரின் ஏழ்மை அந்தப் புகையைச் சுத்திகரிப்பதில்லை. நாள் தவறாமல் அதை முதலில் சுவாசிப்பவரும் அவரே.

புகைக்கு விடை இயந்திரத்தில் இருக்கிறது. விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் பின்வாங்கியது. 2015ல் அந்த மொபெட்டே ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. மின்சார ஸ்கூட்டர் வந்து, வால்புகையும் எஞ்சின் சப்தமும் சேர்ந்தே போயின. சைலன்ஸரை மாற்றுகிறவனுக்கு இதெல்லாம் விடை ஆகாது. வண்டி அமைதியாகிவிட்டது என்பதே அவனுடைய மனக்குறை. சப்தம் போட்டால்தான் தான் இருப்பது ஊர்ஜிதமாகும் என்ற நம்பிக்கை தெருவுக்கு மட்டும் உரியதல்ல என்பது சிறுபத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்குத் தண்டனை உண்டு. 2019 திருத்தத்தில் அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம் என்று ஆயிற்று. ஆனால் யாராவது புகார் எழுதித் தர வேண்டும். அவன் யார் பிள்ளை என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் அப்பாவும் நானும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக் குடியிருக்கிறோம். சட்டத்தைவிட இந்தச் சுவர் கனமானது.