15 கிலோமீட்டர் லிஸ்ட்

ஒரு சின்னக் கணக்கு. பேப்பர் பென்சில் வேண்டாம், மனசுக்குள்ளேயே போடலாம். 2024 மக்களவைத் தேர்தலில் மதுரைத் தொகுதியின் வாக்காளர்கள் 15 லட்சத்துக்கு மேல். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் என்று எல்லாப் பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் எவ்வளவு நீளம் வரும்? 15 கிலோமீட்டர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தேனி ரோட்டில் விரித்தபடி போனால், நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி செக்கானூரணியை எட்டிப் பார்க்கும். தமிழ்நாடு மொத்தத்துக்கும் என்றால் 6 கோடிக்கு மேல். அதாவது 600 கிலோமீட்டர். வடக்கே விரித்தால் சென்னையைத் தாண்டி ஆந்திராவுக்குள் போய்விடும்.

இந்த 15 கிலோமீட்டரை, உங்கள் சட்டைப் பையில் இருக்கிற 15 சென்டிமீட்டர் கண்ணாடிக்குள் எப்படிக் காட்டுவது என்பதுதான் இந்த வார விஷயம். 'இது கம்ப்யூட்டர்காரன் கவலை, எனக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ரேஷன், பென்ஷன், ஓட்டு, காலேஜ் சீட் என்று உங்கள் பெயரும் என் பெயரும் ஏதாவது ஒரு நீள லிஸ்ட்டில் எங்கேயோ இருக்கின்றன. அதை யாரோ ஒருத்தர் கட்டைவிரலால் தள்ளித் தள்ளித்தான் பார்க்கிறார்.

காகிதம் இந்தப் பிரச்னையை எப்போதோ தீர்த்துவிட்டது. வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்தார்கள். ஒரு பாகம் ஒரு வாக்குச்சாவடிக்கு. ஒரு பக்கத்தில் 30 கட்டம். பாகம் எண், வரிசை எண் இரண்டும் தெரிந்தால் 15 லட்சத்தில் உங்களை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். வாக்குச்சாவடிக்கு வெளியே பெஞ்ச் போட்டு உட்கார்ந்திருக்கிற கட்சிக்காரர் சீட்டில் எழுதித் தருவது அந்த இரண்டு எண்களைத்தான். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் திரையில் நாம் பக்கம் புரட்டுவதில்லை. விரலை வைத்துத் தள்ளுகிறோம். தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

புதிதாக ப்ரோக்ராம் எழுத வருகிறவர் என்ன செய்வார்? நேர்மையாக 15 லட்சம் வரிகளையும் செய்துவிடுவார். திரையில் ஒரு வரி என்பது வெறும் எழுத்து இல்லை. அது ஒரு சின்னப் பெட்டி. அதற்கு இடம், அகலம், நிறம், எழுத்துரு, தொட்டால் என்ன ஆகவேண்டும் என்கிற விவரம் எல்லாம் உண்டு. ஒரு பெட்டிக்கு 2 கிலோபைட் என்று சிக்கனமாக வைத்தாலும் 15 லட்சத்துக்கு 3 ஜி.பி. ஆயிற்று. 2007ல் வந்த முதல் ஐபோனின் மொத்த ராம் 128 எம்.பி.தான். போன் திணறி, திரை உறைந்து, கடைசியில் ப்ரோக்ராமே மூடிக்கொள்ளும்.

நேர நெருக்கடி தனி. விரலோடு சேர்ந்து லிஸ்ட் வழுக்கவேண்டும் என்றால் திரையை நொடிக்கு 60 தடவை புதிதாக வரையவேண்டும். ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் இதுபோல் ஐந்தாறு தடவை வரைந்து முடித்திருக்கவேண்டும்.

தீர்வு எளிமையானது, கொஞ்சம் ஏமாற்று வேலையும்கூட. 15 லட்சத்தையும் செய்யாதே. கண்ணுக்குத் தெரிகிற 15 வரியை மட்டும் செய். மேலே இரண்டு, கீழே இரண்டு உபரியாக வைத்துக்கொள், வேகமாகத் தள்ளினால் வெள்ளையாகத் தெரியாமல் இருக்க. மற்றதெல்லாம் இருப்பதாகப் பாவனை செய்!

திரைக்கும் தகவல் கிடங்குக்கும் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

"மொத்தம் எத்தனை பேர்?"

"15 லட்சம்."

"சரி, ஆள் இப்ப எட்டாவது கிலோமீட்டரில் நிற்கிறார். 8,00,001லிருந்து 15 பேரை அனுப்பு."

"இந்தா."

அவ்வளவுதான். எட்டு கிலோமீட்டர் தள்ளி வந்தாயிற்று என்றால் எத்தனையாவது வரி என்பது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. நடுவில் உள்ள 8 லட்சம் பேரைத் தொடவே வேண்டாம். ஓரத்தில் இருக்கிற ஸ்க்ரோல் பட்டை மட்டும் பெரிய மனுஷன்போல 'ஆமாம், 15 லட்சம் இருக்கிறது, நாம் பாதியைத் தாண்டிவிட்டோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு முகவரி ஒரு வரி, இன்னொன்று நாலு வரி என்று உயரம் மாறினால் வகுத்தல் கணக்கு உதைக்கும். அப்போது உத்தேசமாக ஓர் உயரம் வைத்துக்கொண்டு போகப் போகத் திருத்திக்கொள்ளும். நீள லிஸ்ட்டில் சில சமயம் அந்தப் பட்டை தவளை மாதிரித் தாவுவது இதனால்தான்.

சரி, மேலே தள்ளும்போது திரைக்கு வெளியே போகிற வரிப் பெட்டி என்ன ஆகிறது? இதற்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை எதற்கும் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். தேனி, திண்டுக்கல், கோயமுத்தூர் பஸ்களுக்குப் போகிறவர்கள், வந்தவர்கள் என்று காலையிலிருந்து கூட்டம். ஒரு நாளைக்கு ஆயிரம் டீ ஓடுகிறது என்று வையுங்கள். மாஸ்டரிடம் ஆயிரம் கிளாஸா இருக்கிறது? முப்பது இருக்கும். குடித்து வைத்த கிளாஸ் கழுவுகிற தண்ணீருக்குள் போகிறது, வெந்நீரில் ஓர் அலசு, மறுபடி மேடைக்கு வருகிறது, அடுத்த ஆளுக்கு ஆற்றி ஊற்றுகிறார். ஆள் புதுசு, டீ புதுசு, கிளாஸ் பழசு.

திரையிலும் அதேதான். மேலே மறைந்த பெட்டியை எறிந்துவிடுவதில்லை. அதை எடுத்து, கீழே புதிதாக வருகிற பெயரை ஊற்றி மறுபடி வைக்கிறார்கள். முப்பது கிளாஸுக்குப் பதில் இருபது பெட்டி. 15 லட்சம் பேரும் அந்த இருபதில்தான் வந்து போகிறார்கள்.

திரையில் ஜன்னல் வைத்து, உள்ளே இருப்பதைத் தள்ளிப் பார்க்கிற பழக்கம் 1970களில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் 'பார்க்' ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்ந்தது. 1996ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸில் ஒரு லிஸ்ட் கொண்டுவந்தது. அதற்கு எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டால் போதும், தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளும். அதன் உச்சவரம்பு 10 கோடி வரி. நம் மாநிலத்து வாக்காளர் அத்தனை பேரையும் போட்டாலும் இடம் மிச்சம். 2008ல் ஐபோனுக்கு வெளியார் ப்ரோக்ராம் எழுதலாம் என்று ஆப்பிள் கதவைத் திறந்தபோது, பெட்டியைத் திருப்பிப் பயன்படுத்தும் வழியையும் சேர்த்தே கொடுத்தது. ஆண்ட்ராய்டும் அப்படியே. 2014ல் கூகுள் ஆண்ட்ராய்டுக்குத் தந்த புதிய லிஸ்ட்டுக்குப் பெயரே 'ரீசைக்ளர் வியூ'. மறுசுழற்சி என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்.

இதுவரை எல்லாம் அழகு. இப்போது அந்தக் கிளாஸைக் கழுவ மறந்தால்?

சில வருடங்களுக்கு முன் ஆரப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஒரு தர்ம அமைப்பு (பெயர் வேண்டாம்) பொங்கலுக்கு முதியவர்களுக்கு அரிசியும் சேலையும் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் வேடிக்கை பார்க்கப் போன ஆள். பயனாளிகள் எண்ணூறு சொச்சம். வாசலில் கையடக்கக் கருவியோடு ஒரு பையன். பெயரைக் கேட்பான், தள்ளித் தேடுவான், பொருளைக் கொடுத்ததும் பச்சை டிக் போடுவான். வரிசை கிடுகிடுவென்று நகர்ந்தது. எழுபது, எழுபத்தைந்து வயதில் ஒரு பாட்டி வந்தார்.

"வாங்கியாச்சுன்னு டிக் இருக்கே பாட்டி."

"நான் எங்கய்யா வாங்குனேன்? தேனி பஸ்ஸை விட்டு இப்பத்தான எறங்கி வாரேன்."

"இல்ல பாட்டி, இங்க காட்டுது பாருங்க."

பின்னால் நின்றவர்களில் யாரோ, "ரெண்டாவது ரவுண்டு வந்திருக்கும்" என்றார். சிரிப்புச் சத்தம். பாட்டி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கொண்டுவந்த வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஏஞ்சாமி, நான் வாங்குனதை அந்தப் பொட்டி பாத்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பையன் நல்லவன். முகம் சுருங்கிப் போய் லிஸ்ட்டை மேலும் கீழும் தள்ளினான். திரும்பி அதே பெயருக்கு வந்தபோது டிக்கைக் காணோம். நாலு வரி தள்ளி, இன்னும் வராத ஒருவர் பெயரில் உட்கார்ந்திருந்தது! நல்லவேளை, உள்ளே ஓர் அம்மா பழைய வழக்கப்படி நோட்டில் கைநாட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். பாட்டி பெயருக்கு எதிரே நோட்டு காலி. அரிசியும் சேலையும் கிடைத்தன. கேட்ட கேள்விக்குத்தான் அங்கே யாரிடமும் பதில் இல்லை.

ப்ரோக்ராம் எழுதிய இளைஞர் அன்று மாலையே காரணத்தைச் சொன்னார். 'வாங்கியிருந்தால் டிக் போடு' என்று எழுதியிருந்தார். 'வாங்காவிட்டால் டிக்கை எடு' என்று எழுதவில்லை. புதுப் பெட்டியில் டிக் இருக்காது என்பதால் அந்த இரண்டாவது வாக்கியம் அநாவசியமாகப் பட்டிருக்கிறது. பெட்டி புதுசாக இருக்கிறவரை அது சரி. டிக் போட்ட பெட்டி சுற்றி வந்து அடுத்த பெயரை ஏந்தியபோது, முந்தைய ஆளின் டிக்கும் கூடவே வந்துவிட்டது. கழுவாத கிளாஸில் அடுத்த டீ. உள்ளே இருந்த தகவலில் தப்பே இல்லை. பாட்டி வாங்கவில்லை என்று அங்கே சரியாகத்தான் பதிவாகியிருந்தது. காட்டியதில்தான் தப்பு.

"டெஸ்ட் பண்ணலையா தம்பி?" என்றேன்.

"பண்ணேன் சார். எட்டுப் பேர் போட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு."

இதுதான் விஷயம். எட்டுப் பெயர் என்றால் மொத்தமும் திரையிலேயே அடங்கிவிடும். எந்தப் பெட்டியும் இரண்டாம் முறை சுற்றாது. முப்பது கிளாஸ் இருக்கிற கடையில் எட்டுப் பேர் டீ குடித்தால் கழுவுகிறார்களா என்று எப்படித் தெரியும்? நீள லிஸ்ட்டின் தப்புகள் நீள லிஸ்ட்டில் மட்டும்தான் தெரியும். இரண்டே வரியில் சரிசெய்துவிட்டார். இதன் தம்பி ஒன்றும் உண்டு: போட்டோ மெதுவாக வந்து சேர்வதற்குள் பெட்டி வேறு ஆளுக்கு மாறியிருக்கும். ஒருவர் பெயருக்கு இன்னொருவர் முகம். கல்யாணத் தரகர் கையில் இப்படி ஒரு லிஸ்ட் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

'இவ்வளவு ஏன்? பெயரை டைப் அடித்துத் தேடினால் தீர்ந்தது' என்கிறீர்களா? தேடலாம். ஆனால் நம் பக்கத்தில் 'லட்சுமி' பாதி வீடுகளில் 'லெட்சுமி'. ஒரே பெண்மணி ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பாங்க் புத்தகத்தில் வேறு மாதிரி. இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னாலா, புள்ளி உண்டா என்பதெல்லாம் தட்டச்சு செய்தவர் மனசைப் பொறுத்தது. தேடல் 'இல்லை' என்று கையை விரித்தபிறகு, ஆளைக் கண்டுபிடிப்பது கண்ணும் கட்டைவிரலும்தான். அதனால்தான் தள்ளிப் பார்க்கிற லிஸ்ட் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று மல்லுக்கட்டுகிறேன்.

லிஸ்ட்டுக்கு ஒரு முடிவும் தெரியவேண்டும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிற முடிவில்லாத ஸ்க்ரோலை 2006ல் அமைத்தவர் ஆஸா ராஸ்கின் என்கிற அமெரிக்க வடிவமைப்பாளர். அது ஜனங்களை விடாமல் கட்டிப்போடுகிறதே என்று 2018ல் அவரே வருத்தப்பட்டுப் பேசினார். பொழுதுபோக்குக்கு வேண்டுமானால் அது இருந்துவிட்டுப் போகட்டும். பெயரைத் தேடுகிறவருக்கு 'மொத்தம் இத்தனை, இதோ முடிந்தது' என்று தெரியவேண்டும். முடிவே தெரியாவிட்டால் 'லிஸ்ட்டில் இல்லை' என்று எந்த தைரியத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்புவது?

நீங்கள் ப்ரோக்ராம் எழுதுகிறவர் என்றால் எட்டுப் பெயரோடு நிறுத்தாதீர்கள். எட்டாயிரம் பொய்ப் பெயர் போட்டு, மேலும் கீழும் விறுவிறுவென்று தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் 'போடு' என்று எழுதும்போதே 'எடு' என்பதையும் எழுதிவிடுங்கள். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்கிறவர் என்றால், திரை ஒன்று சொல்லி எதிரே நிற்கிற மனுஷி வேறொன்று சொல்லும்போது இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. வரிசையில் நிற்கிறவர் என்றால், 'சார், ஒருவாட்டி மேல கீழ தள்ளிப் பாருங்க, லெட்சுமின்னும் போட்டுப் பாருங்க' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படிக் கேட்கத் தெரியாதவர் முன்னால் நின்றால் அவருக்காகவும் கேளுங்கள்.

15 கிலோமீட்டரில் நமக்குக் கிடைத்திருப்பது ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர். அதுவும் வேகமாகத் தள்ளுகிறவர் கையில் அரை நொடிதான் திரையில் நிற்கும், அதுவும் யாரோ இருந்துவிட்டுப் போன பெட்டியில். இருக்கட்டும், குறையில்லை. அந்த அரை நொடியில் நம் பெயருக்கு எதிரே இருப்பது நம்முடையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.