ஏட்டுச் சுரைக்காயும் செல்போன் சுரைக்காயும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று தமிழ் ஐயா சொல்லும்போதெல்லாம் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். நிஜமாகவே ஒரு சுரைக்காயோடு அடுப்படியில் நின்றபோதுதான் அர்த்தம் புரிந்தது!

நடந்தது இதுதான். தண்ணீர்க் குடத்தோடு வாசப்படியில் வழுக்கி அம்மா விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மா வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில், போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்ட், விடியும் முன்னே கிளம்பணும். தம்பி ஆறாம் வகுப்பு. தினமும் கடையில் வாங்கினால் கட்டுப்படி ஆகாது. "நான் சமைக்கிறேன்" என்று சொல்லிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் நூடுல்ஸ். (சிரிக்காதீங்க!)

முதல் நாள், செல்போன். யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தாத்தாவை யாருக்குத்தான் பிடிக்காது? புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் 2018-ல் ஆரம்பித்து, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது. ஆனா அவங்க ஊருக்கே ஆக்குறாங்க. நான் நாலு பேருக்கு ஆக்கணும். அதனால் வேறொரு வீடியோவில் சாம்பார் தேடினேன்.

கடுகு போட்டேன், வெடித்தது. அடுத்து என்ன என்று பார்த்தால், விளம்பரம்! அது முடிவதற்குள் கடுகு கரி ஆகிவிட்டது. வீடியோவில் வெங்காயம் ஐந்தே நொடியில் பொன்னிறம் ஆகுது. நம்ம அடுப்பில் பத்து நிமிஷம் ஆகியும் வெள்ளையாவே இருக்கு. நடுவில் வெட்டி ஒட்டியிருக்காங்க என்பது அப்புறம்தான் உறைத்தது. காத்திருப்பதுதான் பாதிச் சமையல். அந்தப் பாதியைத்தான் வீடியோ காட்டவில்லை.

அன்று சாம்பார் ஒரே கசப்பு. அம்மா இடது கையில் ஸ்பூன் பிடித்து, "நல்லாத்தான்டா இருக்கு" என்று முழுசாகச் சாப்பிட்டாங்க.

அடுத்த நாள், புத்தகம். மாடி வீட்டு மாமி காலி பண்ணும்போது கொடுத்துப் போன பழைய 'சமைத்துப் பார்'. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். முதல் பாகம் வெளிவந்தது 1951-ல். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவர் சமையலை ருசித்த சொந்தக்காரர்கள் செய்முறை கேட்டுக்கொண்டே இருக்க, புத்தகமாகவே எழுதச் சொன்னாராம் அவருடைய மாமா. இதில் விளம்பரம் இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் அளவெல்லாம் ஆழாக்கு! ஆழாக்குன்னா என்ன?

"அரிசி டின்னுக்குள்ள தினமும் முகந்து போடுறியே, அதுதான்டா ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி" என்றார் அம்மா. இத்தனை நாள் நான் அதை 'டப்பா' என்றே நினைத்திருந்தேன்!

சமையல் புத்தகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'எலுமிச்சம்பழ அளவு புளி' என்பார்கள். எந்த எலுமிச்சம்பழம்? மார்க்கெட்டில் கோலி சைஸிலும் இருக்கு, சாத்துக்குடி சைஸிலும் இருக்கே! அன்று கசப்பு இல்லை, ஒரே புளிப்பு.

மூன்றாம் நாள் சுரைக்காய் சாம்பார். உள் ரூமில் படுத்திருந்த அம்மாவின் குரல் வந்தது. "டேய், கடுகு சத்தம் அடங்கிடுச்சு, வெங்காயத்தைப் போடு." கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை வாசனை போகல, இன்னும் கொதிக்கட்டும்." அடுப்பைப் பார்க்காமலே! காதிலும் மூக்கிலும் சமைக்கிறாங்க. அன்று சாம்பார், சாம்பார் மாதிரியே இருந்தது. தம்பி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"உனக்கு யாரும்மா கத்துக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரு இருந்தா? கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தப்போ பதினெட்டு வயசு. கருகினதை யாருக்கும் தெரியாம நானே சாப்பிட்டுடுவேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் சாம்பாரை அவர் முழுசாகச் சாப்பிட்டது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது கட்டு பிரித்தாச்சு, அம்மா வேலைக்குப் போறாங்க. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் மட்டும் இன்னும் என்னுடையதுதான்.

எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் இதுதான். நிறம் தெரிய வீடியோ, அளவு தெரிய புத்தகம். வாசனை இரண்டிலும் வராது. மீனாட்சி அம்மாள் பேர் வைத்ததைக் கவனிங்க. 'படித்துப் பார்' இல்லை, 'சமைத்துப் பார்'!

நண்பர்களே, குறிப்பாகப் பையன்களே! இன்று ராத்திரி வீட்டில் அடுப்பு எரியும்போது பக்கத்தில் போய் நில்லுங்க. போனை வெளியே வைத்துவிட்டு.

- பிளஸ் ஒன் மாணவன், அம்பத்தூர்