வேன் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டையும், அப்பாவின் இரண்டு தலையணையும்

1/ படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வேனை வாடகைக்கு எடுத்து மலைக்குப் போகும் ஆசை இப்போது நிறைய பேருக்கு வந்திருக்கிறது. கேரளா 2021லேயே இதற்கென்று தனித் திட்டம் அறிவித்தது. எடுக்கும்போது ஏசி இருக்கா, டாய்லெட் இருக்கா என்று எல்லாரும் கேட்கிறோம். வண்டியைச் சமமாக நிறுத்த சக்கரத்துக்கு அடியில் வைக்கும் லெவலிங் ரேம்ப் இருக்கா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் இதய நோயாளி இருந்தால் கடைசி வரை படிங்க.

2/ அப்பாவுக்கு 68 வயது. நம்ம ஊர் ஏ.எஃப்.டி. மில்லில், பழைய ஆட்கள் சொல்லும் ரோடியர் மில்லில், ஃபிட்டராக இருந்தவர். ரெண்டு வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக். அதற்குப் பிறகு பம்பிங் 35 சதவீதம்தான். நல்ல இதயத்துக்கு 55க்கு மேல் இருக்கும். தினமும் காலையில் நீர் மாத்திரை, ராத்திரி இரண்டு தலையணை. இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

3/ மார்ச்சில் மூணு நாள் லீவு கிடைத்தது. புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை வழியாக ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயங்காலம் ஒரு தோப்போரம் வண்டியை நிறுத்தினோம். முன்பக்கம் மேட்டைப் பார்த்து, பின்பக்கம் பள்ளத்தில். படுக்கை வண்டியின் நீளவாக்கில், தலைமாடு பின்பக்கம்.

4/ என் மகள் போனில் லெவல் பார்க்கும் ஆப்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "அப்பா, நாலு டிகிரி காட்டுது" என்றாள். "மலைன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். வார்டில் மூச்சிரைப்போடு வரும் ஒவ்வொருவருக்கும் "தலைப்பக்கம் தூக்கி வைங்க சிஸ்டர்" என்று சொல்கிறவன் நான். சொந்த அப்பாவைத் தலைகீழ்ச் சரிவில் படுக்க வைத்தது தெரியவில்லை.

5/ ராத்திரி ரெண்டு மணி. சத்தம் கேட்டு எழுந்தால், அப்பா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டை வேர்வையில் நனைந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. விரலில் ஆக்ஸிமீட்டர் வைத்தால் 89. "எவ்ளோ நேரமாப்பா?" என்றேன். "ஒரு மணி நேரம் இருக்கும்... நீ வண்டி ஓட்டிட்டு வந்து... தூங்கறியேன்னு..." என்றார்.

6/ அவரைச் சாய்ந்து உட்கார வைத்து, என் மனைவி பிடித்துக்கொள்ள, அந்த 14 வளைவையும் இருட்டில் இறங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் வேறு கிடையாது. அடிவாரத்துக்கு அப்பால் ஒரு அரசு மருத்துவமனை. ஆக்ஸிஜன், நீர் போக ஊசி, ஈசிஜி. புது அட்டாக் இல்லை. விடியும்போது நன்றாகச் சிறுநீர் போயிருந்தது. மூச்சு அடங்கியிருந்தது.

7/ என்ன நடந்தது? நாம் படுக்கும்போது கால், வயிற்றுப் பக்கம் தங்கியிருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்பும். நல்ல இதயம் அதைத் தள்ளிவிடும். பலவீனமான இதயத்தால் முடியாது. நுரையீரலில் நீர் கோர்க்கும். அதனால்தான் தலையணை எண்ணிக்கையைக் கேட்கிறோம். "முன்னாடி ஒண்ணு, இப்ப மூணு வேணும்" என்றால் எங்களுக்கு அது ஒரு அபாயமணி.

8/ இப்போது கணக்கு. படுக்கை நீளம் 1.9 மீட்டர். நாலு டிகிரி சரிவு என்றால் தலைமாடு கால்மாட்டைவிட 13 செ.மீ. தாழ்ந்திருக்கும். இரண்டு தலையணை அமுங்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்தான். அப்பாவின் இரண்டு தலையணையையும் அந்தத் தரை சாப்பிட்டுவிட்டது.

9/ ஆனால் பழியை முழுக்கச் சரிவின் மேல் போட முடியாது. ஆஸ்பத்திரியில்தான் அப்பா ஒத்துக்கொண்டார்: "வழியில அடிக்கடி வண்டிய நிறுத்தச் சொல்லணுமேன்னு நீர் மாத்திர போடலப்பா." ரெண்டு நாளாகப் போடவில்லை. மதியம் ஓட்டலில் சாப்பாட்டோடு ஊறுகாய், அப்பளம் வேறு. மாத்திரை இல்லை, உப்பு கூடியது, தலை தாழ்ந்தது. மூணும் ஒரே ராத்திரியில் சேர்ந்தது.

10/ ஊருக்கு வந்து குற்ற உணர்ச்சியில் ரேம்ப் தேடினேன். வெளிநாட்டு பிளாஸ்டிக் ரேம்ப்கள் ஆப்பு வடிவத்திலும் படிப்படியாகவும் வருகின்றன. ஆர்டர் போடப் போனபோது அப்பா தடுத்தார். "எவ்ளோ உயரம் வேணும்னு அளந்தியா?" அளக்கவில்லை. மில்லில் மிஷினுக்கு லெவல் போட்ட மனுஷன். பரணிலிருந்து பழைய ரசமட்டத்தை இறக்கினார்.

11/ அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு: ஒரு டிகிரி சரிவுக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.75 செ.மீ. தூக்க வேண்டும். நாங்கள் எடுத்த வேனில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3.35 மீட்டர். டிகிரிக்கு சுமார் 6 செ.மீ. நாலு டிகிரிக்கு 23 செ.மீ.! 10 செ.மீ. ரேம்ப் வைத்தால் 1.7 டிகிரிதான் சரியாகும். அதாவது அன்றைக்கு ரேம்ப் இருந்திருந்தாலும் பத்தாது. வீல்சேர் சாய்தளத்துக்கு விதி 1:12, அதாவது 4.8 டிகிரி. கிட்டத்தட்ட அப்படி ஒரு சாய்தளத்தில்தான் நாங்கள் படுத்திருந்தோம்.

12/ பக்கவாட்டுச் சரிவு என்றால் ரேம்ப் நன்றாக உதவும். இடது வலது சக்கர இடைவெளி குறைவு என்பதால் 10 செ.மீ.யிலேயே 3 டிகிரிக்கு மேல் சரியாகும்.

13/ அதனால் என் வரிசை இது:
முதலில் இடம். ரெண்டு டிகிரிக்கு மேல் சரிவு என்றால் வேறு இடம் பாருங்க.
அடுத்தது திசை. தலைமாடு மேட்டுப் பக்கம் வருமாறு வண்டியைத் திருப்புங்க. அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தாலே போதும். செலவு பூஜ்யம். திருப்ப இடமில்லையா, தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றுங்க.
கடைசியில்தான் ரேம்ப்.

14/ ரேம்ப் வாங்கும்போது:
• தாங்கும் எடையை வண்டியின் முழு எடையோடு, ஆள், தண்ணீர், சாமான் சேர்த்து ஒப்பிடுங்க.
• டயரைவிட அகலமாக இருக்கணும். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டு டயரும் ரேம்ப் மேல் முழுசாக உட்காரணும். இல்லையென்றால் பாரம் ஒரே டயரில் இறங்கும்.
• மேலே டயர் நிற்கத் தட்டையான இடம் வேணும். வெறும் ஆப்பு மேல் நின்றால் உருளும்.
• மணலில், ஈர மண்ணில் அடியில் பலகை போடுங்க. இல்லாவிட்டால் புதைந்துவிடும்.

15/ செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம். சொல்லாமல் உடையும். ஜாக்கி வைத்துத் தூக்கி லெவல் செய்வதும் வேண்டாம். ஜாக்கி சரிந்து நசுங்கிய கைகளை கேஷுவாலிட்டியில் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தை இங்கே போட மாட்டேன்.

16/ ரேம்ப் மேல் ஏறியதும் ஹேண்ட்பிரேக், பிறகு தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. வீராம்பட்டினம் தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடி வெள்ளியில் கூட்டமே தேரைப் பார்க்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் மட்டும் சக்கரத்தைத்தான் பார்ப்பார். வண்டிக்குச் சைகை காட்டுபவர் பக்கவாட்டில் நிற்கணும். நேர் முன்னாலோ பின்னாலோ, குறிப்பாகக் குழந்தைகள், கூடவே கூடாது.

17/ கடைசியில் நாங்கள் பிளாஸ்டிக் வாங்கவில்லை. நெல்லித்தோப்பு பக்கம் ஒரு மரக்கடையில் கெட்டியான பலகை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து, மூணு படியாக அடித்துக்கொண்டோம். ஒவ்வொரு படியும் ரெண்டு அங்குலம். பக்கத்தில் நின்று அப்பாதான் வேலை வாங்கினார். அட்டாக் வந்த பிறகு அவர் இவ்வளவு நேரம் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

18/ போன மாசம் மறுபடி அதே வேன். இந்தத் தடவை மலை இல்லை, ஊசுட்டேரி பக்கம் சமதரை, ஒரு ராத்திரி மட்டும். கட்டை போட்டு நிறுத்தியதும் அப்பா ரசமட்டத்தைப் படுக்கை மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. "தலைமாட்டுப் பக்கம் ஒரு நூல் தூக்கலா இருக்கு. இருக்கட்டும்" என்றார். காலையில் நான் கேட்பதற்கு முன்பே, "மாத்திர போட்டுட்டேன். வழியில ரெண்டு எடத்துல நிறுத்தணும்" என்றார். நாலு இடத்தில் நிறுத்தினோம்.

19/ நான் இதய நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனையில் ட்யூட்டி பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர்தான். ஆனால் இதை உறுதியாகச் சொல்வேன். பயணம் என்பதற்காக நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. நேரத்தை மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்க. படுத்தால் மூச்சு முட்டினால் உட்கார வைத்து உடனே 108ஐக் கூப்பிடுங்க. அப்பா அம்மாவிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். "நேத்து எத்தனை தலையணை?" என்று கேளுங்க.