எள் ஊறும் நேரம்

சங்கரன்கோவிலைச் சுற்றி மானாவாரிக் கரிசல். எள், கம்பு, சோளம், உளுந்து எல்லாம் விளையும் மண். தென்காசிப் பக்கம் போனால் சுரண்டை, சுந்தரபாண்டியபுரம் வயல்களில் சாரல் காலத்தில் சூரியகாந்தி பூத்து நிற்கும். ஆனால் ஊருக்குள் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் பன்னிலும் ரொட்டியிலும் இந்த மண்ணின் மணியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மைதா, சீனி, வனஸ்பதி, ஈஸ்ட், அவ்வளவுதான். விதை சேர்த்த ரொட்டி பெருநகரத்துச் சரக்கு, இங்கே அதைச் செய்யும் கையும் இல்லை, தின்னும் நாக்கும் இல்லை என்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. கை இருக்கிறது. அந்தக் கைக்குத் தேவையான நேரத்துக்குத்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை.

விதை ரொட்டியின் நுட்பம் முழுவதும் ஊறலிலும் புளிப்பிலும் இருக்கிறது. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள பசைப்புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் விடும் காற்றை அந்த வலைதான் பிடித்துவைத்து மாவைப் பொங்கச் செய்கிறது. காய்ந்த எள்ளை முதலிலேயே கொட்டிப் பிசைந்தால் வலை அறுபடும். எள் மாவின் ஈரத்தையும் குடித்துவிடும், மறுநாள் ரொட்டி உதிரும். அதனால் எள்ளைக் களைந்து கல் நீக்கி, லேசாக வறுத்து, அதன் எடைக்குச் சமமாகத் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். மாவை இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரியும் பதம் வந்த பிறகே எள்ளைச் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு 100 கிராமிலிருந்து 150 கிராம் வரை தாங்கும். கம்பு மாவில் இந்தப் பசை கிடையாது, ஆகவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் ரொட்டி எழும்பாது. புளிப்புக்கு, ஈஸ்ட்டைக் குறைத்து, வேண்டுமானால் குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, பையப் பையப் பொங்கவிட வேண்டும். இட்லிக்கு மாவாட்டும் எந்த வீட்டிலும் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. உளுந்து எவ்வளவு ஊற வேண்டும், சித்திரையில் மாவு எத்தனை மணிக்குப் பொங்கி வழியும், மார்கழியில் பானையை எங்கே வைக்க வேண்டும் என்பதை மூக்காலும் விரலாலும் அறிந்தவர்கள் இவர்கள். ரொட்டி மாவைப் படிப்பது அவர்களுக்குப் புதுப் பாடம் ஆகாது.

அப்படியானால் பேக்கரி மாஸ்டர் ஏன் செய்வதில்லை? அவர் வேலையைக் கவனித்தால் விடை தெரியும். பிசைவது, உருட்டித் தட்டில் அடுக்குவது, பொங்கவிடுவது, அடுப்பில் ஏற்றுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விசைத்தறி ஷெட்டிலிருந்து டீக்கு வருகிறவர்களுக்குப் பன் தயாராக இருந்தாக வேண்டும். பத்து மணி நேரம் காத்திருக்கும் மாவு அங்கே இடத்தை அடைத்துக்கொள்ளும் மாவு. இந்த அவசரம் ஒரு ஊரின் குணம் அல்ல. 1965இல் அரசே மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது ரொட்டி இந்தியாவில் ஆலைப் பொருளாகப் பெருகியது. ஆலைக்கு வேகம் வேண்டும், வேகத்துக்கு மருந்து வேண்டும். 2016இல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த ரொட்டி, பன் உள்ளிட்ட 38 மாதிரிகளில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. அதே ஆண்டு புரோமேட் தடை செய்யப்பட்டது. மாவை விரைவில் வலுவாக்க அது சேர்க்கப்பட்டு வந்தது. காத்திருந்தால் கிடைக்கும் வலுவை ஒரு சிட்டிகை ரசாயன உப்பால் வாங்கப் பார்த்திருக்கிறார்கள்.

மறுப்புகள் உண்டு, அவற்றில் வலுவானது இதுதான்: கம்பங்கூழும் எள்ளுருண்டையும் இருக்கும் ஊரில் அவற்றை ரொட்டிக்குள் திணிப்பானேன்? கூழ் குடிக்கிறவரை ரொட்டிக்கு இழுக்க வேண்டியதில்லை, அது மட்டமான மாற்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தறிக்கும் டீக்கும் நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் கூழ் வருவதில்லை, பன்தான் வருகிறது. என் கேள்வி அந்தப் பன்னைப் பற்றியது. ரொட்டி காய்ச்சல்காரர் சாப்பாடு, அதில் விதை ஆகாது என்பார்கள். காய்ச்சலுக்குப் பாலில் நனைக்கும் வெள்ளை ரொட்டி இருந்துவிட்டுப் போகட்டும், திடமாக வேலை செய்கிறவர் ஏன் நோயாளியின் ரொட்டியைத் தின்ன வேண்டும்? தென்காசிப் பக்கம் பூத்திருக்கும் சூரியகாந்தியைக் காட்டி ஆசைப்படுவதும் சரியாகாது. அது எண்ணெய்க்கான விதை. ரொட்டியில் போடும் பருப்பு வேறு ரகத்திலிருந்து, தோல் நீக்கி வருவது. எள்ளுக்கு அந்தத் தடை இல்லை. பாதி எடை எண்ணெயாக இருப்பதால் ரொட்டியை மென்மையாகவும் வைக்கும்.

வீட்டில் ஓவன் இல்லை என்பது சின்னத் தடை. கனமான குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, வளையமும் விசிலும் இல்லாமல் மூடிக் கால் மணி நேரம் சூடாக்கி, பிறகு தட்டை உள்ளே வைத்தால் ஆறு பன் வேகும். மேல்புறம் சிவக்காது, தோசைக்கல்லில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். பெரிய தடை விலை. மைதாவைவிட எள் பல மடங்கு விலை, ஊறுவதற்கும் பொங்குவதற்கும் போகும் இரவு அதைவிடக் கூடுதல். வீட்டில் சுட்டு விற்கும் பெண்களிடம் பன்னின் விலையைக் கேட்டால் மாவு, எள், கேஸ் மூன்றையும் கூட்டிச் சொல்கிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவைத் தொட்டுப் பார்த்ததற்கு அந்தக் கணக்கில் ஒரு வரி இல்லை.